படித்தவர் திருத்தப்படும்போது: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் நீதிமொழிகள் 12:1 பற்றி ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. "புத்திமதிகளை விரும்புகிறவன் அறிவை விரும்புகிறான், கடிந்துகொள்ளுதலை வெறுக்கிறவனோ மிருககுணமுள்ளவன்" என்பது வசனம். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: நான் கல்லூரிப் பேராசிரியர். சபையில் வேதபாட வகுப்பும் எடுக்கிறேன். பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு மூப்பர் என்னிடம், "கேள்வி கேட்கிறவர்களை நீங்கள் மட்டந்தட்டுகிறீர்கள், அதனால் ஜனங்கள் வாயைத் திறக்கவே பயப்படுகிறார்கள்" என்றார். அவர் எடுத்துக்காட்டிய வசனம் அந்த இடத்துக்குப் பொருந்தவே இல்லை. அதை விளக்கினேன், பேசாமல் போய்விட்டார். நான் சொன்னது சரிதான், ஆனாலும் மனம் ஆறவில்லை. ஏன்?

அவர் வசனத்தைப் பிழையாக எடுத்திருக்கலாம். ஆனால் அவர் உங்களிடம் கொண்டுவந்தது வசன விளக்கம் அல்லவே! ஜனங்கள் வாயைத் திறக்கப் பயப்படுகிறார்களா, இல்லையா என்பதுதான் அவர் கொண்டுவந்த காரியம். அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. மனம் ஆறாமல் இருப்பது அதனால்தான். அந்த உறுத்தலை அடக்கிவிடாதீர்கள்.

படித்தவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஆதாரம் கேட்பது, சொல்லைப் பிரித்துப் பார்ப்பது, வாதத்தில் ஓட்டை எங்கே என்று தேடுவது எல்லாம் படிப்பு கொடுத்த நல்ல பழக்கங்கள். நம்மேல் ஒரு குறை வந்ததும் அதே பழக்கங்கள் நம்மைக் கேட்காமலே நமக்காக வாதாடத் தொடங்கிவிடுகின்றன. படிக்காதவர் கோபித்துக்கொண்டு கத்தினால், தான் கோபப்பட்டது அவருக்கே தெரியும். படித்தவர் நிதானமாகப் பேசித் தப்பித்துக்கொள்கிறார். தப்பித்தது அவருக்கே தெரிவதில்லை. "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்" என்று பவுல் எழுதியபோது (1 கொரிந்தியர் 8:1), கொரிந்து சபையாரின் அறிவு பிழையானது என்று சொல்லவில்லை. விக்கிரகம் ஒன்றுமில்லை என்ற அவர்கள் அறிவு சரியானதே. அந்தச் சரியான அறிவைக் கொண்டு பலவீனமான சகோதரனை அவர்கள் மிதித்தார்கள்.

அப்போஸ்தலர் 18-ஐ இந்த வாரம் பொறுமையாக வாசியுங்கள். அப்பொல்லோ அலெக்சந்திரியாவில் பிறந்தவர். அந்நாளில் கல்விக்குப் பேர்போன நகரம் அது. சாதுரியமான பேச்சாளர், வேதவாக்கியங்களில் வல்லவர், ஆவியில் அனலுள்ளவர். ஆனாலும் யோவானின் ஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தார். அவரைத் திருத்திய ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் பண்ணுகிற தொழிலாளிகள். ஜெப ஆலயத்தில் எல்லார் முன்னும் அவரை நிறுத்தாமல், தனியே சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் நுட்பமாய் விவரித்துக் காட்டினார்கள். அப்பொல்லோ மறுத்துப் பேசியதாக ஒரு வரிகூட இல்லை. அடுத்த வசனத்திலேயே அவர் அகாயாவுக்குப் போக விரும்புகிறார், சகோதரர்கள் பரிந்துரைத்து எழுதுகிறார்கள், அங்கே விசுவாசிகளுக்கு மிகவும் உதவியாயிருக்கிறார். திருத்தப்பட்டதால் அவருடைய கல்வி வீணாகவில்லை. அதற்குப் பிறகுதான் அது முழுமையாகப் பயன்பட்டது.

இனி நீங்கள் செய்யவேண்டியது. இந்த வாரத்துக்குள் அந்த மூப்பரை நேரில் பாருங்கள். தொலைபேசியோ குறுஞ்செய்தியோ வேண்டாம். "அன்றைக்கு நீங்கள் சொன்ன காரியத்தை விட்டுவிட்டு வசனத்தைப் பற்றிப் பேசிவிட்டேன். என்னை மன்னியுங்கள். எந்தெந்த நேரத்தில் அப்படி நடந்ததென்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது இடையில் விளக்கம் கொடுக்கவேண்டாம். வசனத்தின் சரியான பொருளை அந்தச் சந்திப்பில் எடுக்கவே கூடாது. மன்னிப்போடு ஒரு திருத்தத்தையும் சேர்த்துக் கொடுத்தால், அவர் காதில் நிற்பது திருத்தம் மட்டும்தான். பிறகு, வகுப்பில் வழக்கமாகப் பேசாமல் இருப்பவர்களில் இரண்டு பேரிடம் தனித்தனியே விசாரியுங்கள். நன்றாகப் பேசுகிறவர்களிடம் விசாரித்துப் பயனில்லை. அவர்களுக்குப் பயம் இருந்ததே இல்லை.

வகுப்பில் செய்யவேண்டிய மாற்றம் சிறியதுதான். கேள்வி வந்ததும் அதை உங்கள் வார்த்தையில் ஒருமுறை திரும்பச் சொல்லி, "இதைத்தானே கேட்கிறீர்கள்?" என்று உறுதி செய்யுங்கள். கேள்வியில் சரியாக இருப்பதை முதலில் சொல்லுங்கள், பிழையைப் பிறகு சொல்லுங்கள். விடை தெரியாவிட்டால், அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி, மறக்காமல் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து அதே மூப்பரிடம், "மாற்றம் தெரிகிறதா?" என்று நீங்களே போய்க் கேளுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது, பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான்.

கேள்வி: அப்படியானால் படிப்பே ஆவிக்குரிய வாழ்க்கைக்குத் தடையா? "உலகக் கல்வி பெருமையைத்தான் கொடுக்கும்" என்று சொல்லி, மகளின் மேற்படிப்பை நிறுத்தச் சொல்கிறார் உறவினர் ஒருவர்.

நிறுத்தவேண்டாம். தானியேலும் மற்ற மூவரும் கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் மூன்று வருடம் படித்தார்கள். சகல எழுத்திலும் அவர்களுக்கு அறிவையும் சாமர்த்தியத்தையும் கொடுத்தவர் தேவனே என்கிறது தானியேல் 1:17. மோசே எகிப்தியரின் சகல சாஸ்திரங்களிலும் கற்பிக்கப்பட்டவர். பவுல் கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்தவர். இவர்களில் யாரையும் தேவன் படிப்புக்காகக் கண்டிக்கவில்லை.

படிப்பில்லாதவரிடம் பெருமை இல்லை என்பதும் உண்மையல்ல. அந்தியோகியாவில் நடந்ததைப் பாருங்கள் (கலாத்தியர் 2:11–14). அங்கே திருத்தப்பட்டவர் படிப்பறியாதவர் என்று பேர் பெற்ற பேதுரு. திருத்தியவர் கற்றறிந்த பவுல். பேதுருவும் அதை மனதில் வைத்துக்கொண்டு திரியவில்லை. பின்னாளில் தம் இரண்டாம் நிருபத்தில் பவுலைப் பிரியமான சகோதரன் என்றே எழுதுகிறார். ஆகவே, திருத்தம் வரும்போது யார் அதிகம் படித்தவர் என்ற கணக்கை இரண்டு பக்கமும் மறந்துவிடுவது நல்லது. மகளுக்கு நீங்கள் கற்றுக்கொடுக்கவேண்டியது, மதிப்பெண் அட்டையைக் காட்டி ஒருவர் வாயை அடைக்கக் கூடாது என்பதை. படிப்பை நிறுத்தி அதைக் கற்றுக்கொடுக்க முடியாது.

கேள்வி: எனக்கு வந்த கண்டிப்பில் பாதி உண்மை, பாதி ஊகம். சொன்ன விதமோ முழுக்கக் கோபம். இதில் எதை ஏற்பது? எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதுதான் தாழ்மையா?

இல்லை. செய்யாததைச் செய்தேன் என்று ஒப்புக்கொள்வது பொய். பிரிக்கும் வேலை இருக்கிறது, அதை நிதானமாகச் செய்யுங்கள்.

அன்றைக்கே பதில் சொல்லவேண்டாம். "நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். யோசித்து ஜெபித்துவிட்டு வந்து பேசுகிறேன்" என்பது போதும். ஆனால் என்றைக்கு வந்து பேசுவீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்; ஒரு வாரத்துக்கு மேல் போகக்கூடாது. நாளைக் குறிக்காத "யோசிக்கிறேன்" என்பது தட்டிக்கழிப்பதாகவே முடியும்.

வீட்டுக்கு வந்ததும், அவர் சொன்ன வார்த்தைகளை நினைவிருக்கும்வரை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் வார்த்தையில் மாற்றி எழுதவேண்டாம். மாற்றும்போதே அதை எளிதில் மறுக்கக்கூடிய ஒன்றாக ஆக்கிவிடுவோம். எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள். நீங்கள் செய்ததாக அவர் சொன்ன செயல்கள் முதலாவது. ஏன் செய்தீர்கள் என்று அவர் ஊகித்தது இரண்டாவது. சொன்ன தொனி மூன்றாவது.

மூன்றாவதை இப்போதைக்கு முழுவதுமாகத் தள்ளி வையுங்கள். முதலாவதில் ஒவ்வொன்றாக, "நடந்ததா?" என்று மட்டும் கேளுங்கள். காரணம் எழுதாதீர்கள், காரணம் எழுத ஆரம்பித்தால் அந்தத் தாள் வக்காலத்தாகிவிடும். இரண்டாவதுதான் சிரமமானது. உங்கள் நோக்கம் மற்றவருக்குத் தெரியாது என்பது உண்மை. உங்களுக்கும் முழுவதாகத் தெரியாது என்பதும் உண்மை. "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்ற சங்கீதம் 139-இன் ஜெபத்தோடு அதை வைத்துப் பாருங்கள்.

அதன்பின் ஒரே ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். அவர் உங்களை நேசிப்பவராகவும், இதற்கு முன் உங்களிடம் ஒருமுறையாவது "இல்லை" என்று சொன்னவராகவும் இருக்கவேண்டும். இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஒருவரிடம் கேட்டு, பதில் பிடிக்காமல் இன்னொருவரிடம் போய், தனக்குச் சாதகமாகச் சொல்கிறவர் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சாலொமோனின் மகனான ரெகொபெயாம் ராஜா செய்தது இதுதான். முதியோர் ஆலோசனையைத் தள்ளிவிட்டு, தன்னோடு வளர்ந்த வாலிபரிடம் போனான். பத்துக் கோத்திரங்கள் அவனை விட்டுப் போயின (1 இராஜாக்கள் 12).

பிரித்துப் பார்த்ததில் உண்மையானது ஒன்றே ஒன்றுதான் என்றாலும், அந்த ஒன்றை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். "இது நான் செய்தது, தவறுதான். மற்றக் காரியத்தில் நடந்தது வேறு, கேட்க விரும்பினால் சொல்கிறேன்" என்று நிறுத்திக்கொள்ளலாம். முழுவதும் பொய்யாயிருந்தால் சீமேயியின் சாபத்தை தாவீது ஏற்ற விதம் இருக்கிறது (2 சாமுவேல் 16). சவுலின் வீட்டாருடைய இரத்தப்பழி தாவீதின்மேல் இருக்கிறது என்றான் சீமேயி. சவுலைக் கொல்ல இரண்டுமுறை வாய்ப்பிருந்தும் கை வைக்காதவர் தாவீது. அந்தக் குற்றத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சீமேயியின் தலையை வாங்கப் புறப்பட்ட அபிசாயையும் போகவிடவில்லை. காரியத்தைக் கர்த்தரிடம் விட்டு வழியே நடந்தார்.

கேள்வி: நான் மருத்துவர். நோயாளி ஒருவர் மருந்தை நிறுத்தக் கூடாது என்று சொன்னதற்காக, "உலக ஞானத்தை நம்புகிறீர்கள்" என்று சபைச் சகோதரர் ஒருவர் கடிந்துகொண்டார். இதையும் நான் பணிந்து ஏற்கவேண்டுமா?

மருந்தைப் பற்றிய காரியத்தில் ஏற்கவேண்டாம். அது உங்களிடம் ஒப்புவிக்கப்பட்ட அறிவு. அதில் மௌனமாயிருப்பது நோயாளிக்குச் செய்யும் துரோகம். எசேக்கியாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி (2 இராஜாக்கள் 20:7). லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்கிறார் பவுல். ஜெபமும் மருந்தும் வேதத்தில் சண்டை போடவில்லை.

அதே சகோதரர், "அந்தக் குடும்பத்திடம் நீங்கள் கடுகடுப்பாகப் பேசினீர்கள்" என்று சொல்லியிருந்தால் அது வேறு. அதை எடைபோட மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை, அங்கே நின்று கேட்டிருந்தால் போதும். துறை அறிவைப் பற்றிய விமரிசனத்துக்குத் துறை அறிவால் பதில் சொல்லுங்கள். நடத்தையைப் பற்றிய கண்டிப்புக்குத் துறை அறிவைப் பதிலாக நீட்டவேண்டாம்.

கேள்வி: எங்கள் சபையில் காணிக்கைக் கணக்கைக் கேட்டால், "இது உலக ஞானம், தாழ்மை இல்லை" என்று வாயை அடைக்கிறார்கள். கேட்பது தவறா?

தவறில்லை. எஸ்றா 8-ஐ வாசியுங்கள். எஸ்றா ஆலயத்துக்கான 650 தாலந்து வெள்ளியையும் 100 தாலந்து பொன்னையும் பன்னிரண்டு ஆசாரியரிடம் நிறுத்துக் கொடுத்தார். எருசலேமுக்கு வந்தபின் மறுபடியும் நிறுத்து, நிறை எழுதி வைக்கப்பட்டது. அவர்கள் கர்த்தருக்குப் பரிசுத்தமானவர்கள் என்று சொன்ன அதே எஸ்றாதான் எடையையும் பார்த்தார். பவுலும், தர்மப்பணத்தைக் குறித்து யாரும் குறை சொல்லாதபடி, சபைகள் நியமித்த சகோதரரைக் கூடவே அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:18–21). பெரோயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தையே தினந்தோறும் வேதத்தோடு ஒத்துப்பார்த்தார்கள். அதற்காக நற்குணசாலிகள் என்று பாராட்டப்பட்டார்கள்.

திருத்தத்துக்குச் செவிகொடுக்கவேண்டும் என்பது பீடத்தில் நிற்பவருக்கும் சேர்த்துத்தான். உசியா ராஜா தன் காலத்துத் தொழில் நிபுணர்களைக் கொண்டு கோபுரங்களின்மேல் யுத்த யந்திரங்கள் செய்தவன், 52 வருடம் அரசாண்டவன். ஆசாரியர் மட்டுமே செய்யவேண்டிய தூபங்காட்டுதலைத் தானே செய்யத் தேவாலயத்துக்குள் நுழைந்தபோது அசரியாவும் 80 ஆசாரியரும் எதிர்த்து நின்றார்கள். அவன் கோபங்கொண்டான். கையில் தூபகலசம் இருக்கும்போதே நெற்றியில் குஷ்டம் தோன்றியது (2 நாளாகமம் 26).

கேட்கும் முறை மட்டும் ஒழுங்காயிருக்கட்டும். வதந்தியாகப் பரப்பாமல், பொறுப்பிலிருப்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். எந்தக் காலத்துக் கணக்கு, எந்த நிதி என்று குறிப்பிடுங்கள். மூப்பருக்கு விரோதமான பிராதுக்கு இரண்டு மூன்று சாட்சிகள் தேவை என்பது 1 தீமோத்தேயு 5:19. பணமோசடியோ, ஒருவருக்கு உடல்ரீதியான தீங்கோ நடந்திருந்தால், அது சபைக்குள் பேசி முடிக்கிற காரியம் இல்லை, சட்டப்படி போகவேண்டியது.

கேள்வி: என்னைவிட அதிகம் படித்தவரை நான் திருத்தவேண்டியிருக்கிறது. எப்படி ஆரம்பிப்பது?

எத்திரோவிடம் கற்றுக்கொள்ளுங்கள் (யாத்திராகமம் 18). எகிப்தின் கல்வி முழுவதும் பெற்றவரும், தேவனோடு முகமுகமாய்ப் பேசினவருமான மோசேயை ஒரு மீதியான் ஆசாரியர் திருத்துகிறார். வரிசையைக் கவனியுங்கள். முதலில் தாமே பார்க்கிறார். யாரோ சொன்னதைக் கேட்டு வரவில்லை. பிறகு கேள்வி கேட்கிறார்: இது என்ன, நீர் ஏன் ஒருவராய் உட்கார்ந்திருக்கிறீர்? மோசேயின் விளக்கத்தை முழுவதும் கேட்கிறார். அதற்குப் பிறகே, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறார். காரணமும் சொல்கிறார்: நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள். அதோடு விடாமல் வழி காட்டுகிறார்: ஆயிரம்பேருக்கு, நூறுபேருக்கு, ஐம்பதுபேருக்கு, பத்துபேருக்கு என்று அதிபதிகளை ஏற்படுத்தும், பெரிய வழக்குகள் மட்டும் உம்மிடம் வரட்டும். கடைசியில், தேவன் இப்படிக் கட்டளையிட்டால் என்று சொல்லி முடிவைத் தேவனிடம் விடுகிறார்.

இதில் எந்தப் படியை விட்டாலும் காரியம் கெடும். கேட்காமல் சொன்னால், "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்ற நீதிமொழிகள் 18:13 உங்கள்மேல் திரும்பும். குறையை மட்டும் சொல்லி வழி சொல்லாவிட்டால், அவர் குழம்பி நிற்பார். ஒரே சந்திப்பில் ஐந்து குறைகளைக் கொண்டுபோனால், அவற்றில் மிகவும் பலவீனமான ஒன்றை எடுத்து மறுத்துவிட்டு மற்ற நான்கையும் விட்டுவிடுவார். படித்தவர்களுக்கு அது கைவந்த கலை. ஒன்றை மட்டும் எடுங்கள். "நீங்கள் எப்போதும் இப்படித்தான்" என்று சொல்லாமல், நடந்த நாளையும் இடத்தையும் சொல்லுங்கள். தெரியாத கலைச்சொற்களைக் கடன் வாங்கிப் பேசவேண்டாம். தனியே பேசுங்கள், மத்தேயு 18:15 தொடங்குவதே அங்கேதான். கேட்காவிட்டால் இரண்டாம்முறை ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனாலும் சம்பந்தப்பட்டவர்கள் நம்பவில்லை. இன்னும் என்ன செய்வது?

"பாவஞ்செய்தேன்" என்று சவுலும் சொன்னான், தாவீதும் சொன்னார். 1 சாமுவேல் 15-இல் சவுலின் பேச்சை வரிசையாகப் பாருங்கள். முதலில், கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்கிறான். பிறகு ஜனங்கள்மேல் பழியைப் போடுகிறான். பாவஞ்செய்தேன் என்று சொன்ன பிறகும், மூப்பர் முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படி சாமுவேலைக் கெஞ்சுகிறான். தாவீது தம்மைக் கண்டித்த நாத்தான் தீர்க்கதரிசியிடம் ஒரே வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார் (2 சாமுவேல் 12:13). உங்கள் மன்னிப்பில் "ஆனால்" என்று தொடங்கிய பகுதி எதுவும் இருந்ததா என்று பாருங்கள். இருந்தால், அதை நீக்கி இன்னொருமுறை கேளுங்கள்.

நஷ்டம் ஏதும் உண்டாக்கியிருந்தால் ஈடு செய்யாமல் மன்னிப்பு நிறைவாகாது. அபகரித்ததை முழுவதும் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும் என்பது லேவியராகமம் 6:5. வரி வசூலிப்பவரான சகேயு நாலத்தனையாகக் கொடுக்க முன்வந்தார். பணமாக இல்லாமல் ஒருவருடைய பெயரைக் கெடுத்திருந்தால், யார் யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடமே போய், சொன்னது தவறு என்று சொல்லவேண்டும்.

நம்பிக்கை திரும்ப மாதங்கள் ஆகலாம். அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமையில்லை. அவசரப்படுத்தினால் சவுலின் கெஞ்சலாகிவிடும்.

கேள்வி: பதினான்கு வயது மகன் என்னிடம், "ஜெபத்தில் பேசுவது போல அம்மாவிடம் ஏன் பேசுவதில்லை?" என்று கேட்டான். மரியாதையில்லாத பேச்சு என்று அதட்டிவிட்டேன்.

அவன் கேட்டதில் மரியாதைக் குறைவு எதுவும் தெரியவில்லை. குஷ்டரோகியாயிருந்த சீரியப் படைத்தலைவன் நாகமானுக்குத் தீர்க்கதரிசியைக் காட்டியது சிறைப்பட்டு வந்த ஒரு சிறு பெண். அவன் கோபித்துக்கொண்டு திரும்பியபோது யோர்தானில் ஏழுதரம் முழுகச் செய்தது அவனுடைய வேலைக்காரரின் சொல். இன்று இரவே மகனைக் கூப்பிட்டு, "நீ கேட்டது சரி, அதட்டியது என் தவறு" என்று சொல்லுங்கள். பிறகு அவன் தாயிடமும் பேசுங்கள், அவன் இருக்கும்போதே.